தேய்க்காதீர், ஒற்றி எடுங்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னைக் காண வந்தார். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் ஈராண்டுகளுக்கு முன் பெற்றோருக்கென்று கறுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கித் தந்திருந்தான். அதன் மேனி மங்காதிருக்கவேண்டுமென்று, பெரியவரின் ஒரு மாத ஓய்வூதியத்திற்கும் மேலான தொகையைச் செலவிட்டு, செராமிக் பூச்சும் பூசச் செய்திருந்தான். விடுமுறையில் வந்தவன் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்திருக்கிறான். சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாய் மெல்லிய கீறல்கள். பானட்டின்மேலும் கூரையின்மேலும் கழுவினாலும் போகாத வெண்புள்ளிகள். "பணமெல்லாம் பாழாய்ப் போயிற்று" என்று அவன் சொல்ல, வீட்டில் வார்த்தை தடித்துவிட்டது.

"சாமி, ஒரு நாள்கூட நான் அதைக் கவனியாமல் விட்டதில்லை. காலையில் எழுந்ததும் என் கையாலேயே துடைப்பேன். வாரம் ஒருமுறை கழுவி, அழுத்தித் தேய்த்து, பளபளவென்று ஆக்குவேன். கவனித்ததற்கா இந்தப் பேச்சு?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது.

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அன்பர் ஒருவர் எங்கள் பங்கில் இருக்கிறார். அவரை அழைத்துக் காரைக் காட்டினோம். அவரிடமிருந்தும் பிற வழிகளிலும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் கார் இருக்கிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போரும் இருக்கிறார்கள். கடன் வாங்கி வாங்கிய பொருள் நெடுநாள் நன்றாயிருக்க வேண்டாமா?

முதலில் இந்தப் பூச்சு எத்தகையது என்று பார்ப்போம். காரின் நிறத்திற்கு மேலே, நிறமற்ற மெருகுப் படலம் ஒன்று தொழிற்சாலையிலேயே ஏற்றப்படுகிறது. அதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனமே சுமார் 70 மைக்ரான். அந்த மெருகின்மேல் பூசப்படும் செராமிக் பூச்சோ ஓரிரு மைக்ரான் அளவுதான். மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம் அது. பூசியபின் இறுகி மெருகோடு ஒட்டிக்கொள்கிறது. அழுக்கு எளிதில் பற்றாதிருக்கவும், வெயிலையும் பறவை எச்சத்தையும் ஓரளவு தாங்கவும் அது உதவுகிறது. ஆனால் அது கவசம் அன்று, மெல்லிய சட்டை.

விளம்பரங்களில் "9 எச் கடினம்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். இதைக் கண்டு மயங்கவேண்டாம். அது வைரத்தையும் பாறையையும் அளக்கும் மோஸ் அளவு அன்று. பென்சில்களின் கடினத்தைக் குறிக்கும் அளவு. 9 எச் பென்சிலால் கீறினாலும் கீறல் விழாது என்பதே அதன் பொருள். தெருப்புழுதியில் கலந்துள்ள குவார்ட்ஸ் மணலோ மோஸ் அளவில் 7. அது சாதாரண எஃகுக் கத்தியையே கீறவல்லது. அப்படியிருக்க, ஓரிரு மைக்ரான் பூச்சு அதற்கு எம்மாத்திரம்?

இப்போது பெரியவரின் காருக்கு நேர்ந்தது விளங்குகிறது. அவர் காலைதோறும் உலர்ந்த துணியால் துடைத்தது, புழுதியை எடுத்துவிடவில்லை. பூச்சின்மேல் வைத்து அரைத்தது. கழுவியபின் பழைய பருத்தித் துண்டை முறுக்கிப் பிழிந்து வட்டமாய்த் தேய்த்தபோது, கழுவலில் தப்பிய மணல் துகள்கள் துணியோடு சேர்ந்து சுழன்றன. கீறல்கள் வட்டமாயிருந்ததன் காரணம் அதுவே. அழுத்தம் கூடக்கூடக் கீறலும் ஆழமாகும். பழைய நாளில் பெரிதும் விரும்பப்பட்ட ஷாமி தோலுக்கும், நீரை வழித்துவிடும் ரப்பர் பட்டைக்கும் இதே குறை உண்டு. மணல் உட்புகுந்து மறைந்துகொள்ள அவற்றில் இடமில்லை. ஆகவே அது மேற்பரப்பிலேயே இழுபடுகிறது.

"அப்படியானால் துடைக்காமலே விட்டுவிடலாமே, தானே காய்ந்துவிடுமே" என்று சிலர் எண்ணலாம். அதுவும் ஆகாது. தாமரை இலையில் நீர் ஏறத்தாழ முழு உருண்டையாய் நின்று, உருண்டோடும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. இலைக்கும் துளியின் விளிம்புக்கும் இடையிலுள்ள கோணம் அங்கே 150 பாகைக்கும் அதிகம். பூச்சிட்ட காரில் அது பெரும்பாலும் 100, 110 பாகை அளவே. ஆகவே சரிவான பக்கங்களில் நீர் வழிந்தோடினாலும், கூரையிலும் பானட்டிலும் துளிகள் முத்துப்போல் நின்றுவிடுகின்றன. வெயில் பட்டதும் நீர் ஆவியாகிறது. நீரில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஆவியாவதில்லை. துளி இருந்த சிறு வட்டத்திற்குள் அவை வெண்புள்ளியாய்ப் படிகின்றன.

இந்தியக் குடிநீர்த் தர விதியின்படி ஒரு லிட்டர் நீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு நீர் கிடைக்காதபோது 2,000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். அந்த மேல் எல்லையிலுள்ள நீரில் ஒரு லிட்டர் வற்றினால் இரண்டு கிராம் உப்பு மிஞ்சும். நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தின் அடியில் விடும் வெண்படிவத்தை இல்லத்தரசிகள் நன்கறிவார்கள். அதே படிவம்தான் காரின்மேலும். ஆகவே நீரை எடுத்தே ஆகவேண்டும். ஆனால் தேய்க்காமல் எடுக்கவேண்டும். செய்முறை இதோ:

அதிகாலையிலோ மாலையிலோ, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போதே கழுவுங்கள். ஷாம்பு நுரையை அலசியபின், ரப்பர் குழாயின் முனையிலுள்ள பீச்சியைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கி நீரை மெதுவாய் ஓடவிடுங்கள். நீர் விரிப்புப்போல் ஒன்றாய்ச் சேர்ந்து வழியும்போது துளிகளில் பெரும்பாலானவற்றைத் தானே இழுத்துக்கொண்டு போய்விடும். இந்தக் கடைசி அலசலுக்காவது உப்புக் குறைந்த நீர் கிடைத்தால் மிக நன்று. மழைநீர் சேமித்திருப்போர் அதைப் பயன்படுத்தலாம். காற்று ஊதும் கருவி இருந்தால், பக்கக் கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கின் ஓரம், எண் பலகை ஆகியவற்றில் ஒளிந்துள்ள நீரை அதனால் வெளியேற்றுங்கள். கை படாமல் உலர்த்துவதே எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

எஞ்சிய நீருக்கு மைக்ரோஃபைபர் துண்டு வேண்டும். பாலியெஸ்டரும் நைலான் வகை இழையும் கலந்த, மயிரினும் பன்மடங்கு மெல்லிய இழைகளால் ஆனது அது. தடித்த, பெரிய துண்டாய் வாங்கி, ஓரத்தில் தைத்துள்ள கடினமான அடையாளச் சீட்டை நீக்கிவிடுங்கள். துண்டை விரித்துத் தகட்டின்மேல் கிடத்தி, உள்ளங்கையால் இலேசாய் ஒற்றி எடுங்கள். இழுப்பதானால், துண்டின் கனம் மட்டுமே அழுத்த, ஒரே திசையில் இழுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரங்களுக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துண்டு வேண்டும். மணல் மிகுதியாயிருப்பது அங்கேதான். துண்டு தரையில் விழுந்துவிட்டால், துவைக்கும் வரை அதைக் காரின்மேல் வைக்காதீர்கள்.

துண்டைப் பிற துணிகளோடு போட்டுத் துவைக்கலாகாது. பருத்திப் பிசிறும் மணலும் அதில் ஏறிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவத்தையும் சேர்க்காதீர்கள்; அது இழைகளை மூடி, நீர் உறிஞ்சும் ஆற்றலைக் குறைத்துவிடும். சலவைத் திரவத்தில் அலசி நிழலில் உலர்த்தி, புழுதி படாமல் பையில் வையுங்கள்.

வெண்புள்ளி முன்பே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரையும், பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவாய்க் கலந்து, கண்ணில் படாத ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். பின்னர் குளிர்ந்த தகட்டில் துணியால் இலேசாய் ஒற்றி, உடனே நல்ல நீரால் அலசிவிடுங்கள். அதற்கும் போகாத புள்ளி பூச்சையே அரித்துவிட்டதென்று பொருள். அதையும் கீறலையும் நீக்க மெருகைத் தேய்க்கவேண்டியிருக்கும். அப்போது பூச்சும் போய்விடும். மீண்டும் பூசச் செலவு செய்யவேண்டும்.

பெரியவரின் காரில் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்தன. கீறல்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் பெயின்ட் அன்பர் விளக்கியபோது மகனும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பா, பூச்சு பூசியவர்கள் துடைக்கும் முறையை என்னிடம் சொன்னார்கள். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை" என்றான். மறுநாள் இரண்டு துண்டுகளை வாங்கி வந்து, தந்தையின் கையில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றைத் தான் எடுத்துக்கொண்டான். கூரையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஒற்றியெடுத்ததை நான் வழியில் கண்டேன்.

பொருளை வாங்கித் தருவோர், அதைப் பேணும் முறையையும் சேர்த்துச் சொல்லித் தரவேண்டும். உங்கள் வீட்டில் காரைத் துடைப்பவர் தந்தையோ, தம்பியோ, கூலிக்கு வரும் சிறு தொழிலாளியோ, யாராயிருப்பினும், குறை காண்பதற்கு முன் ஒரு நல்ல துண்டை வாங்கிக் கொடுத்து, துடைக்கும் முறையை ஒருமுறை செய்து காட்டுங்கள்.