மணி ஆயாவுக்குப் போர்த்திய சால்வை

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கும் டொரொண்டோவிலிருந்து வணக்கம்.

2025 ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தவனை மேடையில் ஏற்றினீர்கள். பேனரில் என் படம் அம்மன் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பள்ளி ஊழியர்கள் எட்டுப் பேருக்கு என் கையால் சால்வை போர்த்தச் சொன்னீர்கள். கடைசியாக வந்தவர் நம் மணி ஆயா. நமக்கெல்லாம் மணி அடித்தவர், மூக்குச் சிந்திவிட்டவர், தொண்ணூற்றொன்று டிசம்பர் காவிரிக் கலவரத்தில் வெளியே கல் விழுந்துகொண்டிருந்தபோது தம்பி தங்கைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றவர். சால்வையைப் போர்த்திக் குனிந்தேன். என் காதில் கேட்டார்: “இத வித்தா எவ்ளோ வரும் ராசா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இந்த நிமிடம் வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் ஆயா வீட்டுக்குப் போனேன். பாஸ்புக்கைக் காட்டினார். மாதம் 1,000 ரூபாய். 1979இல் வேலைக்குச் சேர்ந்து 2012இல் ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருஷம். ஆனால் பி.எஃப். கணக்கில் அவர் பெயர் ஏறியதே 1998இல்தான். தனியார் பள்ளிகளை 1982லேயே பி.எஃப். சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. கணக்கு எளிது. ஏட்டில் இருந்த சம்பளம் 3,500, பதினாலு வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் 700. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் என்று டெல்லி அறிவித்ததால் 300 கூடியது. அதற்குப் பிறகு நான் வந்த நாள் வரை பதினோரு வருஷமாக ஒரு ரூபாய் ஏறவில்லை. நாடு முழுக்க வயசானவர்கள் 7,500 கேட்டு ஊர்வலம் போகிறார்கள். ஆயாவோ உயிரோடு இருப்பதை நிரூபிக்க வருஷா வருஷம் விரலை வைக்கப் போகிறார். ஃபினாயில் தின்ற விரலில் ரேகை விழுவதில்லை. மூன்று முறை திருப்பி அனுப்பினார்களாம்.

இப்போது சால்வைக்கு வருகிறேன். எட்டு சால்வை, இரண்டு பேனர், சீரியல் செட், மைக் செட், பிரியாணி. கணக்கு கேட்டேன், கேட்டது தப்பு என்று ஒரு அண்ணன் முகம் சுளித்தார். அந்த ஒரு சாயங்காலச் செலவில் ஆயாவுக்கு ஐந்து வருஷப் பென்ஷன் கொடுத்திருக்கலாம். அன்றிலிருந்து சால்வை என்றாலே எனக்கு எரிகிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் படங்களை விரலால் பெரிதாக்கிச் சால்வைகளை எண்ணுகிறேன். போன ஞாயிறு மட்டும் பதினேழு. குளிருக்கும் ஆகாது, குளித்தால் துவட்டவும் ஆகாது, சரிகை உறுத்துவதால் குழந்தைக்குத் தூளி கட்டவும் ஆகாது. இப்படி ஒரு துணியை நம்மைத் தவிர வேறு யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? உங்கள் வீட்டு அலமாரிகளைத் திறந்து பாருங்கள். என் மனைவி, “சால்வை உங்களை என்ன பண்ணுச்சு?” என்கிறாள். விஷயம் சால்வையில் இல்லைதான். இருந்தாலும் அதை விட முடியவில்லை.

கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்குப் போர்த்துகிற துணி அது. 1982 டிசம்பர் 17 அன்று, நகாரா வழக்கில், பென்ஷன் என்பது எஜமான் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்குப் பாக்கி நின்ற உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு ஊழியர் வழக்குதான். ஆனாலும் அந்த வருஷம் மணி ஆயா நமக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார்.

அரசாங்க வாத்தியார்கள் பென்ஷன் கேட்பதைப் பற்றி மேடைக்குக் கீழே நீங்கள் பேசியதும் காதில் விழுந்தது. “நமக்கே இல்ல, அவங்களுக்கு எதுக்கு?” நம் அப்பாக்கள் வேலை செய்த மில் மூடியபோது அவர்களைப் பார்த்தும் இப்படித்தான் ஊர் பேசியது, மறந்துவிட்டீர்களா? கர்நாடகத்தில் 2006 ஏப்ரல் 1 என்று ஒரு கோடு கிழித்தார்கள். அதற்கு முன்னால் சேர்ந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தை வைத்துப் பென்ஷன். பின்னால் சேர்ந்தவருக்குச் சந்தை கொடுத்தது மிச்சம். தமிழ்நாட்டில் அதே கோடு 2003 ஏப்ரலிலேயே விழுந்துவிட்டது. அரசு உதவி பெறும் பள்ளிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். பென்ஷன் கேட்டு அவர்கள் 2022 கடைசியில் ஃப்ரீடம் பார்க்கில் உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. நம் தேவய்யா பார்க்கிலிருந்து ஆட்டோ பிடித்தால் எவ்வளவு தூரம்? யார் போனீர்கள்? உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லாதீர்கள். 2023 மார்ச் 1 அன்று மாநிலம் முழுக்க அரசு ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில், கோட்டுக்கு முன்னாலேயே வேலைக்கான அறிவிப்பு வந்து பின்னால் வேலையில் சேர்ந்த சுமார் 13,000 பேரைப் பழைய பென்ஷனுக்கு மாற்றி உத்தரவு போட்டார்கள்.

நான் பேசலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். மேடையில் என்னை ‘கனடா கல்வித் துறை அதிகாரி’ என்றீர்கள், நான் திருத்தவில்லை. நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கேர்டேக்கர். தரை துடைக்கிறேன், பாய்லர் பார்க்கிறேன், விடிவதற்குள் வாசல் பனியை வாருகிறேன். ஆயா செய்த வேலைதான். மணி மட்டும் இங்கே தானாக அடிக்கும். அதே வேலைக்கு எனக்கு ஓமர்ஸ் என்று ஒரு ஓய்வூதிய நிதி இருக்கிறது. 1962இல் தொடங்கியது. நகராட்சிக்காரர்களும், வாத்தியார் அல்லாத பள்ளி ஊழியர்களும் அதில் உண்டு. என் சம்பளத்தில் டாலருக்கு ஒன்பது சென்ட் பிடிக்கிறார்கள், ஒரு வரம்புக்கு மேல் போனால் இன்னும் கூடுதல். பள்ளி வாரியம் அதே அளவு போடுகிறது. எவ்வளவு வரும் என்று வருஷா வருஷம் தாள் அனுப்புகிறார்கள். அந்தத் தாளை நான் பெருமையாகத்தான் ஃபைலில் வைத்திருந்தேன், ஊருக்கு வந்து போகும் வரை.

வந்தபோது ஆயாவை அவர் தங்கை ஊரான ஆரணிக்குக் காரில் கூட்டிப்போனேன். வாணியம்பாடி டோலில் ஃபாஸ்டாக் ‘டிங்’ என்றது. பள்ளிகொண்டாவில் இன்னொரு ‘டிங்’. கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜாபேட்டை வரைக்கும், அந்தப் பக்கம் தொப்பூர் வரைக்கும் உள்ள சாலைகளை வைத்திருந்த டிரஸ்டில் ஓமர்ஸ் 2019இல் 22.4 சதவீதப் பங்கு வாங்கியது. நாம் பொங்கலுக்கும் சாவுக்கும் போகிற அதே ரோடு. நீங்கள் டோல் கேட்டில் கட்டியதில் ஒரு பங்கு கடல் தாண்டி என் கிழவயதுக்குச் சேர்ந்திருக்கிறது. பின்சீட்டில் ஆயா முறுக்கு உடைத்து என் மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பணம் அல்ல. ஆயாவுக்கு மாதாமாதம் அனுப்ப ஆரம்பித்துவிட்டேன். அதுவும் சால்வை மாதிரிதான், கொஞ்சம் கனமான சால்வை. விடுபட்ட வருஷங்களையும் பி.எஃப். கணக்கில் ஏற்ற முடியுமா என்று லாயர் ஒருவரைப் பார்த்தேன். “அந்தம்மா எழுபத்தொன்பதுலேர்ந்து அங்க வேலை செஞ்சாங்கன்றதுக்கு என்ன சாட்சி?” என்றார். பள்ளியில் கேட்டால் பழைய ரிஜிஸ்டரைக் கரையான் அரித்துவிட்டதாம்.

சாட்சி நாம்தான். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். வகுப்புப் படங்கள் இருக்கும். முன்வரிசைப் பையன் மடியில் சிலேட்டு, சிலேட்டில் வகுப்பும் வருஷமும், ஓரத்தில் ஆயா. ஒவ்வொரு வருஷப் படமும் வேண்டும். பின்பக்கம் உங்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டிசம்பர் 17 பென்ஷனர் தினம். படங்களோடு நாலு பேராவது ஆயாவைப் பி.எஃப். ஆபீசுக்குக் கூட்டிப்போங்கள்.

முதல் படமாக என்னுடையதை அனுப்பலாம் என்று எடுத்துப் பார்த்தேன். 1998இல் கனடாவுக்குக் கிளம்பியபோது வாங்கிய ஃப்ரேமுக்குள் படம் அடங்கவில்லை. ஓரத்தை நானே கத்தரித்திருக்கிறேன். நீலப் புடவை முந்தானை ஒரு விரற்கடை தெரிகிறது. அந்த வருஷத்துப் படம் உங்களில் யாரிடமாவது முழுசாக இருந்தால் அனுப்புங்கள்.