ஆகாய மார்க்கமாக வந்த மளிகை

மாதம் பிறந்ததும் மளிகை ஜாபிதா எழுதுவது நம் வீடுகளில் ஒரு சடங்கு. துவரம் பருப்பு இரண்டு கிலோ, சர்க்கரை மூன்று கிலோ என்று எழுதிக்கொண்டே போவோம். ஒரு நகரம் முழுவதற்குமான ஜாபிதாவை ராணுவ விமானிகளிடம் நீட்டினால் என்ன ஆகும்? 1948-ல் பெர்லினில் அதுதான் நடந்தது.

அமெரிக்க விமானப் படையில் 60-வது போக்குவரத்துப் பிரிவு என்று ஒன்று. 1940-ல் தொடங்கியது. உலக யுத்தத்தில் அதற்கு இட்ட வேலை, பாராசூட் வீரர்களைச் சுமந்து போய்ப் போர்க்களத்தில் குதிக்க விடுவது. 1942-ல் இங்கிலாந்திலிருந்து அல்ஜீரியா வரை பறந்து அந்த வேலையைச் செய்தது. மறு வருஷம் சிசிலியிலும் செய்தது. 1945-ல் கலைக்கப்பட்டு, 1946-ல் ஜெர்மனியில் மீண்டும் தொடங்கப்பட்டது.

1948 ஜூன் 24-ம் தேதி, மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் ராணுவம் அடைத்துவிட்டது. உள்ளே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். இரண்டே நாளில், ஜூன் 26-ம் தேதி, விமானங்கள் சாமான் சுமக்கத் தொடங்கின. முதலில் தோள் கொடுத்தவற்றில் 60-வது பிரிவும் ஒன்று.

நகரத்துக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4,500 டன் வேண்டும். ஒரு டக்கோட்டா விமானம் சுமப்பதோ மூன்று டன் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினமும் சுமார் 1,500 நடை! பத்து டன் சுமக்கும் பெரிய ஸ்கைமாஸ்டர் விமானங்கள் வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

இங்கேதான் ராணுவத்துக்கு இல்லத்தரசியின் புத்தி வந்தது. உருளைக்கிழங்கில் பெரும் பங்கு தண்ணீர், தண்ணீரைச் சுமப்பானேன்? உலர்த்திக் கொண்டு வந்தார்கள். மாமிசத்தை எலும்பு நீக்கி ஏற்றினார்கள். ரொட்டிக்குப் பதில் மாவு வந்தது. உப்பு, விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். ஆகவே கடல் நீரைத் தாங்கும்படி செய்யப்பட்ட பிரிட்டிஷ் நீர்விமானங்கள் உப்பைச் சுமந்து வந்து ஏரியில் இறங்கின. இத்தனை இருந்தும், மொத்தச் சுமையில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரிதான். அரிசி இருந்தாலும் அடுப்பெரிய வேண்டாமா?

பெர்லின் பெண்கள் பட்ட பாடு தனி. மின்சாரம் நாளில் நாலு மணி நேரம்தான், அதுவும் இரண்டு தவணையாக. நடுநிசியில் முறை வந்தால் நடுநிசியில் எழுந்து சமைக்க வேண்டும். பகலிலோ அவர்களில் பலர் மண்வெட்டியோடு தெகல் என்ற இடத்துக்குப் போனார்கள். குண்டு வீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லையும் கல்லையும் பரப்பி, ஆண்களோடு சேர்ந்து மூன்றே மாதத்தில் புதிய விமான ஓடுதளம் போட்டார்கள். வீட்டை இடித்ததும் விமானம்தான். அந்த இடிபாட்டின் மேல் சோறு கொண்டு வந்து இறக்கியதும் விமானம்தான்.

ஹால்வர்சன் என்ற இளம் விமானி, கைக்குட்டையில் சாக்லெட்டைக் கட்டிக் குட்டிப் பாராசூட்டாகக் குழந்தைகளுக்குப் போட்டார். தம் விமானத்தை அடையாளம் காட்ட இறக்கைகளை ஆட்டுவார். வீரர்களை இறக்கிய பாராசூட்டுக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

1949 மே 12-ம் தேதி பாதை திறந்தது. ஆனாலும் செப்டம்பர் முடிய விமானங்கள் பறந்தன. மொத்தம் 23 லட்சம் டன். 2,77,000-க்கு மேற்பட்ட நடைகள். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. விபத்துகளில் 31 அமெரிக்கர்களும் 39 பிரிட்டிஷாரும் உயிர் துறந்தார்கள். ஜெர்மானியர்களும் சிலர் மாண்டார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் வீட்டு அடுப்புக்குக் கரி கொண்டு போகையில் இறந்தவர்கள் அந்த விமானிகள்.

60-வது பிரிவு இன்றும் இருக்கிறது, கலிபோர்னியாவில் டிராவிஸ் தளத்தில். அதன் சரித்திரத்தில் பல யுத்தங்கள் உண்டு. ஆனால் பெர்லின் பாட்டிமார்களுக்கு நினைவில் நின்றது வேறு. யுத்த காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் குழந்தையை வாரிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். அந்த ஒரு வருஷம் மட்டும், இரவில் சத்தம் நின்றால்தான் அவர்களுக்குத் திக்கென்றது.