கல் நிற்கும் இடம்

பொருது வீழ்ந்த வீரர்க்குக் கல் நாட்டுதல் தமிழ் மரபு நன்கறிந்த செயல். கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக, நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக அதன் துறைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துள்ளார். கல்லைப் பாடிய புலவரைப் போற்றும் நாம், அக்கல் நிற்கும் இடத்தை அளந்து படத்திற் குறிப்பவரைப் போற்றுகின்றோமா? தொழிலினின்று ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், பழைய போர்க்களங்களில் அலைந்து நினைவுக்கற்களை அளப்பதிலே முதுமையைச் செலவிடின், அதனை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணிப் புன்னகைப்போரே பலர். அஃது உண்மைக்கு இடும் வேலி என்பதே எம் துணிபு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 யூலை 1 முதல் 3 வரை, பென்சில்வேனியா மாநிலத்துக் கெற்றிஸ்பேர்க்கில் நிகழ்ந்த சமரைச் சான்றாகக் கொள்வோம். இறந்தோர், புண்பட்டோர், சிறைப்பட்டோர், காணாமற் போனோர் என இருதரப்பிலும் ஏறத்தாழ 50,000 பேரை அக்களம் விழுங்கிற்று. இன்று ஆங்கு 1,300க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. போர் நிகழ்ந்த ஆண்டிலேயே எம்மர் கோப் என்னும் படைவீரர் குதிரைமேற் சென்று களத்தை அளந்து படம் வரைந்தார். முப்பதாண்டு கழிந்தபின், 1893இல், அதே களத்திற்கு நில அளவைப் பொறியியலாளராக மீண்டும் வந்தார். எஞ்சிய வாழ்நாளை அதற்கே ஈந்தார். 1927இல் மறைந்தபோது அவர்க்கு அகவை தொண்ணூறு கடந்திருந்தது.

கல் சிறிது முன்னோ பின்னோ நிற்பதனால் வரும் குறை யாது என்று சிலர் வினவலாம். பென்சில்வேனியாவின் 72ஆம் காலாட்படையணியின் வழக்கு அதற்கு விடை கூறும். மூன்றாம் நாட் சமரில், முன்னணியிலிருந்த கற்சுவரருகே தாம் பொருததாகக் கூறிய அப்படையின் முதுவீரர், ஆங்கே கல் நாட்ட விழைந்தனர். களத்தைப் பேணிய சங்கமோ, அவர்கள் முதலில் அணிவகுத்து நின்ற பின்வரிசையே உரிய இடம் என்றது. வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை சென்றது. முதுவீரரே வென்றனர், 1891இல் சுவரருகே அக்கல் எழுந்தது. இரண்டு இடங்களுக்கும் இடைத்தொலைவு சிறிதே. ஆயினும், முன்சென்றோமா, தயங்கி நின்றோமா என்னும் மானம் அச்சிறு தொலைவில் அடங்கியிருந்தது.

மற்றொன்றும் நோக்குக. அக்களத்தில் வடமாநிலத்தார் கற்களே மலிந்துள்ளன. அணிவகுத்த வரிசையிலேயே கல் நாட்டுக என்னும் விதி, தாக்க வந்த தென்மாநிலத்தார்க்கு இடையூறாயிற்று. அவர்கள் புறப்பட்ட இடம் வேறு, வீழ்ந்த இடம் வேறு. கற்களை மட்டும் கண்டு மீள்வோன் ஒரு பக்கத்தாரே பொருதனர் என்று மயங்கக்கூடும். இருபடையும் நின்ற இடங்களைக் குறித்த படத்தோடு செல்வோனுக்கு, கல் இல்லாத வெளியும் பொருள் தரும்.

கல்லிற் பொறித்த சொல் அன்பினால் மிகைபடலாம். கல் நிற்கும் இடத்தையோ எவரும் அளந்து சோதிக்கலாம். இன்று செய்மதியின் துணையால் ஓரிடத்தைச் சில அடிகளுக்குள் குறிக்க இயலும். எனினும், கருவியை ஏந்தி முட்செடிகளிடையே நடப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்காள், மாணவரை நினைவுக்கல்லின் முன் நிறுத்தும்போது, அதிலுள்ள எழுத்தைப் படிப்பித்ததோடு அமையாது, “இக்கல் இவ்விடத்தில் ஏன் நிற்கின்றது?” என்றும் வினவுமின்.