கயிற்றின் மறுமுனை

நமது தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. ஆயினும் பெரியவர்கள் சொல்லும் ஒரு விஷயம் மனத்தை விட்டு அகலுவதில்லை. கல்லின் துணையுடன் கடலடிக்கு இறங்குகிறவன், தோணியில் கயிறு பிடிக்கும் பொறுப்பைத் தன் மைத்துனனிடமே ஒப்படைப்பானாம். சகோதரியின் தாலியை எண்ணியாவது அவன் விழிப்புடன் இருப்பான் அல்லவா? கீழேயிருந்து கயிறு அசைந்ததும் மேலே உள்ளவன் இழுத்துவிட வேண்டும். காரணம் கேட்க அங்கே அவகாசமில்லை.

வாகைகுளத்தில் ஆகாய விமானம் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறு ஞாபகத்துக்கு வருகிறது. விமானத்திலும் அப்படி ஒரு கயிறு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. பேச்சு என்று அதற்குப் பெயர்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு ஒரு விமானம் வந்தது. தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கியிருந்தார். விமானம் உரிய உயரத்துக்கு மிக மேலாகவே ஓடுபாதையை நெருங்கிற்று. இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலெழும்பும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் ஓலமிட்டது. தலைவர் செவிசாய்க்கவில்லை. விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். 8 பேரே பிழைத்தனர். கயிறு அசையத்தான் செய்தது. இழுக்கக் கை எழவில்லை.

1977-இல் கானரித் தீவுகளில் ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். எதிரே உள்ள விமானம் விலகிவிட்டதா என்று பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். விலகிவிட்டதாகத் தலைவர் அடித்துச் சொல்லிவிட்டார். இத்தகைய விபத்துக்களுக்குப் பிறகே, கீழ் உத்தியோகஸ்தர் தயங்காமல் பேசவும், மேல் உத்தியோகஸ்தர் காது கொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி ஏற்பட்டது.

பிறரைச் சொல்வானேன்? சென்ற மாதம் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பிழையாகப் போட்டுவிட்டேன். நாற்பது பையன்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். மணி அடித்த பிறகு ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து பிழையைக் காட்டினான்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"ஸார் கோபித்துக்கொள்வீர்களே!" என்றான்.

இருபது வருஷங்களாக அடக்கத்தைப் போதித்த எனக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் அது! மரியாதை வேண்டியதுதான், ஆனால் அபாய வேளையில் மௌனம் மரியாதை ஆகாது.

பலகையில் பிழை கண்டவன் உடனே எழுந்து சொல்ல வேண்டும் என்று மறுநாளே உத்தரவிட்டேன். இதுவரை இருவர் எழுந்திருக்கிறார்கள். ஒருவன் சொன்னது தவறு. ஆயினும் இருவருக்குமே சபாஷ் சொன்னேன்.