கியாரா மலையில் சைக்கிள் ஓடுகிறது. நம் கால்தடம் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போய்ப் பாருங்கள். காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு வரிசையாக வந்து இறங்குவார்கள். ஐயாயிரம், பத்தாயிரம் ரிங்கிட் விலையுள்ள மலைச் சைக்கிள்கள். புக்கிட் கியாராவின் காட்டுத் தடங்கள் வெளிநாட்டுச் சைக்கிளோட்டிகளும் தேடி வந்து ஓட்டும் தடங்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகளைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போன மாதம் என் மகனுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கொடுத்து அங்கே அழைத்துப் போனேன். சிலாங்கூர் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு பால் மரம் வெட்டிய என் அம்மாவும் கூட வந்தார். தடத்தோரம் நின்ற மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கித்தா மரம். இந்தத் தடம் மேட்டு நிரை, ஐயா. காண்டா வாளியைத் தோளில போட்டுக்கிட்டு இப்படித்தான் வளைஞ்சு வளைஞ்சு வருவோம். நேரா இறங்கினா பால் கொட்டிடும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, குதிரைச் சவாரி மன்றம் வந்தது, கோல்ப் திடல் வந்தது. தோட்டப் பாட்டாளிகளுக்கு வந்தது என்ன? 1980-களின் தொடக்கத்தில் 'தற்காலிகம்' என்று சொல்லி ஒரு நீள வீட்டு வரிசை. நிரந்தர வீடு பிறகு தருகிறோம் என்றார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றுவிட்டார்கள். 2023-லும் அக்குடும்பங்கள் அதே வரிசையில்தான் இருந்தன.

இதற்கிடையில் 2017-இல் அந்த வீடுகளை ஒட்டிய தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் எட்டு வானளாவிய ஆடம்பர அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. கூடவே 350 மலிவு வீடுகள். பூங்காவைக் காக்க வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி. 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்று உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

நல்ல தீர்ப்பு. பொது நிலத்தைக் கையாளும் அதிகாரிகள் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது நமக்கும் பாதுகாப்புதான். ஆனால் வழக்கு நடந்த ஆண்டுகளில் காதில் விழுந்த ஒரு பேச்சை மறக்க முடியாது. "ஏழைத் தோட்டத்து மக்களுக்கு வீடு கிடைப்பதை பூங்காக்காரர்கள் தடுக்கிறார்கள்" என்றது ஒரு பக்கம். "அந்த வீடுகளைக் காட்டித்தானே பூங்காவை விழுங்கப் பார்க்கிறார்கள்" என்றது மறுபக்கம். இரண்டிலும் நம்மவர் வெறும் சாக்கு! சில நூறு வீடு கட்ட எட்டு ஆடம்பர மாடிகள் எதற்கு? வாக்குக் கொடுத்த அரசாங்கம் கட்டித் தர வேண்டிய வீட்டை, ஒரு பூங்காவின் விலையாக ஏன் வைத்தார்கள்?

சைக்கிளோட்டிகளையும் குறை சொல்வதற்கில்லை. அந்தத் தடங்களில் பலவற்றை அவர்களே விடுமுறை நாட்களில் மண்வெட்டி பிடித்துத் திருத்தினார்கள். மழைநீர் வழிய வாய்க்கால் வெட்டினார்கள். பிறகு வேலி, சிமெண்டுப் பாதை என்று அதிகாரிகள் வேலை தொடங்கி, சில தடங்கள் அழிந்தபோது, "எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம்?" என்று திரண்டு நின்றார்கள். கடிதம் எழுதினார்கள், பத்திரிகையைக் கூட்டினார்கள். பத்து ஆண்டு உழைத்த தடத்துக்கு அவர்களுக்கு இவ்வளவு உரிமை உணர்வு இருக்கிறது. மூன்று தலைமுறை உழைத்த நிலத்துக்கு நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இதுதான். கேட்காமல் இருப்பவனைத்தான் முதலில் அகற்றுவார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று, கியாரா நீள வீட்டுக் குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கு, வீட்டுச் சாவியாக அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும். அதுவும் அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே.

இரண்டு, காட்டுத் தடங்கள் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். வேலி போடுமுன் மக்களைக் கேட்க வேண்டும்.

மூன்று, இது தோட்டப் பாட்டாளிகள் உழைத்த மண் என்று தட நுழைவாயிலில் மலாயிலும் தமிழிலும் ஒரு பலகை வைக்க வேண்டும்.

நான்காவது, நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் கோரிக்கை. நம் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். சைக்கிள் இல்லையென்றால் நடந்து போங்கள். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பலகையிலும் இருக்காது.

அன்று திரும்பும்போது என் மகன் கேட்டான்: "அப்பா, பாட்டி ஆளுங்க போட்ட பாதைன்னா, இது நம்ம பாதைதானே?"

ஆமாம் என்றேன். அதை மற்றவர்களும் சொல்ல வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.