பெயர் வேண்டா, கணக்கு வேண்டும்

2025ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மன்னார் நீதிமன்றத்தின் முன் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வேறு இருவர் காயமுற்றனர். அறத்தின் வாயில் என நாம் போற்றும் இடத்திலேயே இக்கொடுமை நிகழ்ந்தது. 2022 யூன் மாதத்தில் சகோதரர் இருவர் வெட்டுண்டு மாண்டதும், 2023 ஓகஸ்டில் அடம்பன் பகுதியில் இருவர் சுடப்பட்டு இறந்ததும் இப்பகையோடு தொடர்புடையனவென்றும், மாட்டுவண்டிச் சவாரியில் எழுந்த பிணக்கே இதற்கு வித்தென்றும் செய்திகள் கூறின. உழவர் திருநாட்களின் களிப்பாக விளங்கிய சவாரி உயிர்க்கொலைக்குக் காரணமாயிற்று என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் பதைக்கின்றது.

பழிக்குப் பழியாக வளரும் பகை ஒரே நாளில் துவக்கேந்துவதில்லை. முதலிற் கைகலப்பு, பின் வைத்தியசாலையிற் காயக்கட்டு, பின் பொலிஸ் முறைப்பாடு, பின் வழக்கு. இவை ஒவ்வொன்றும் ஓர் அலுவலக ஏட்டிற் பதிவாகின்றன. ஆயின் அவ்வேடுகள் தத்தம் அலுமாரிகளிலே உறங்குகின்றன. ஒன்றோடொன்று வைத்து நோக்குவார் இலர்.

நோக்கினால் யாது பயன் என வினவுவார்க்கு வேல்சு நாட்டுக் கார்டிப் நகரம் விடை கூறும். அங்கு யோனத்தன் செப்பேட் என்னும் முகத்தாடை அறுவை மருத்துவர், அடிபட்டு வருவோரிற் பலருடைய காயங்கள் பொலிஸ் பதிவில் ஏறுவதேயில்லை எனக் கண்டார். எங்கே, எப்பொழுது, எவ்வாயுதத்தால் என்னும் வினாக்களுக்குரிய விடைகளை வைத்தியசாலையிற் குறித்து, பெயர்களை நீக்கி, பொலிசாரும் நகரசபையாரும் கூடும் அவையில் வைத்தனர். வன்செயல் மிகும் இடமும் வேளையும் புலப்படவே, காவலும் கண்காணிப்பும் அதற்கேற்பத் திருத்தப்பட்டன. வன்முறையாற் காயமுற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் தொகை, ஒத்த நகரங்களோடு ஒப்பிட 42 வீதம் குறைந்ததென 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எனினும் நம் மண்ணில் "தகவல் கொடுத்தல்" என்ற சொல்லுக்கே வேறொரு பொருளுண்டு. பெயர்ப் பட்டியலையும் தலையாட்டியையும் கண்டு நடுங்கிய தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. எனவே அஞ்சும் மக்களைக் குறைகூறுதல் தகாது. ஒற்றாடலை வள்ளுவர் அரசர்க்குரிய தொழிலாக வகுத்தார். அது குடிமக்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதற்கு வகுத்ததன்று. நாம் வேண்டுவது ஒற்றன்று, கணக்கு.

கணக்கின் வலிமையை மன்னார் நன்கறியும். 2011 ஜனவரியில் ஆயர் இராயப்பு யோசேப் ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை அருகருகே வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்திற் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். பின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோராகக் கணக்கிடப்பட்டோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேர் எங்கே என அவர் கேட்டார். தனித்தனியே இருந்தவரை ஊமையாயிருந்த எண்கள், ஒன்றுசேர்ந்தபோது நாடறிய வினா எழுப்பின.

அவ்வழியே மாவட்ட வைத்தியசாலை, பொலிஸ், பிரதேச செயலகங்கள், மத்தியஸ்த சபைகள் ஆகியவற்றோடு மாதர் சங்கம், மீனவர் சங்கம், சவாரிக் கழகம், கோயில் பரிபாலனத்தார், பங்குப் பேரவையினர், பள்ளிவாசல் நிருவாகத்தினர் ஆகியோரும் திங்கள்தோறும் ஓரவையிற் கூடுக. இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கார்டிப் பெருநகரம், நம் ஊர்களோ சிற்றூர்கள். ஊரையும் நாளையும் சொன்னாலே ஆள் இன்னாரென்பது விளங்கிவிடும். ஆகையால் மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மடு, மாந்தை மேற்கு என்னும் பிரிவுவாரியாகத் தொகுத்த எண்களே அவைக்கு வரல் வேண்டும். நுண்விவரம் வைத்தியசாலையை விட்டு வெளியேறல் ஆகாது. மேலும், கொடுக்கும் கை ஒன்றும் கொள்ளும் கை ஒன்றுமாய் இருத்தல் முறையன்று. கைப்பற்றிய துவக்குகள் எத்தனை, முடிந்த வழக்குகள் எத்தனை எனப் பொலிசாரும் மக்களுக்குக் கணக்குரைத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்துள்ளது.

கூலிக்குச் சுடுவோனைக் கணக்கேடு தடுக்குமோ என்பார் உளர். இறுதிக் குண்டை அது தடுக்காதிருக்கலாம். முதற் கைகலப்பு நிகழ்ந்தபோதே ஊர்ப்பெரியோரையும் மத்தியஸ்த சபையையும் விழிக்கச் செய்தல் அதற்கு இயலும். தந்தையை இழந்த பிள்ளை வகுப்பின் பின்வாங்கில் வாய்திறவாது அமர்ந்திருப்பதை ஆசிரியர் அறிவர். அத்தகைய பிள்ளை இன்னொன்று உண்டாகாமற் காக்க, பூட்டிய அலுமாரிகளைத் திறப்பார்களாக.