கையும் மனமும்

மனத்திற் கலக்கம் புகுந்தால் கை சும்மா இராது. கிரேக்க நாட்டு முதியோர் ‘கொம்பொலோய்’ என்னும் மணிக்கோவையை விரலால் உருட்டுவர்; சீனர் உள்ளங்கையில் இரு குண்டுகளைச் சுழற்றுவர். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் சிறுவர் கைகளிற் புகுந்த ‘பிட்ஜெற் ஸ்பின்னர்’ இவற்றுக்கு இளைய உறவாகும். மூன்று இதழ்களும், நடுவே சிறு குண்டுகள் பொதிந்த அச்சும் கொண்ட அதனை ஒருமுறை தட்டினால் நெடுநேரம் சுழலும்.

மன அழுத்தம் தீரும், கவனம் கூடும் என்று கூறி வணிகர் அதனை விற்றனர். அவ்வாண்டே முந்திய ஆய்வுகளைத் துருவிப் பார்த்த அமெரிக்க வைத்தியர் சிலர், அக்கூற்றுக்குத் தக்க சான்று இல்லை என்றனர். இதில் வியப்பொன்றுமில்லை. மணிக்கோவையை விரல் உருட்டக் கண் வேறிடத்தே நிற்கும். ஸ்பின்னரோ கண்ணையும் தன்பால் ஈர்த்துவிடும்.

வகுப்புக் குழம்பவே, பல நாடுகளிற் பாடசாலைகள் அதனைத் தடைசெய்தன. இங்கேதான் நம் நெஞ்சு நோகிறது. அமைதியின்றித் தவிக்கும் சில பிள்ளைகளுக்கு, அவர்தம் இயல்பறிந்து அளிக்கப்படும் மெத்தென்ற பந்து போன்ற கைப்பொருள் துணையாவதுண்டு. ஊரெல்லாம் அதனை விளையாட்டாக்கியமையால், தேவையுள்ள பிள்ளையின் கையும் சில இடங்களில் வெறுங்கையாயிற்று.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: பிள்ளையின் விரல்கள் ஓயாது துடித்தால், கையிலுள்ளதைப் பறிப்பதற்கு முன், அருகிருத்தி விசாரியுங்கள். பரீட்சைப் பயமோ, தோழரின் ஏளனமோ, வேறு துயரமோ? அதனை மனம்விட்டுச் சொல்லக் கேட்கும் செவி ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும்.